பீப்பாய்த் தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி என்றாலே ஜெனீராவுக்கு எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். அந்த நேரத்தில்தான் அவளுடைய புருசன் இப்றாஹீம் முதலாளி முகம் கழுவி, அத்தர் பூசி, தலையில் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, "புள்ள, உடுத்திட்டியா? போவோம்" என்று கீழே இருந்து குரல் கொடுப்பார்.

பதுளை பஜாரில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டைமாடி. கடையோரத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். இவ்வளவும் தனக்கு இருக்கிறது என்பதைக் கிழமைக்கு ஒரு தரம் ஊருக்குக் காட்டாவிட்டால் அந்த மனிதருக்குத் தின்றது செமிக்காது. மகள் ஹம்ஸியா பண்டாரவளையில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே காரில் ஏற்றி வைத்துக் காட்டுவதற்கு மிச்சம் இருந்தது பெண்சாதி ஒருத்திதான்.

எழுபத்து நாலாம் வருசம் அது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியப்புறமே வரிசை. கூப்பனுக்குக் கொடுக்கும் கோதுமை மாவைக் குறைத்துவிட்டார்கள். அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனால் பொலிஸ் பிடிக்கும். செத்தல் மிளகாயைக் கண்ணால் காண்பதே அபூர்வம். தோட்டங்களில் கிழமைக்கு இரண்டு நாளோ மூன்று நாளோதான் பெயர் போட்டு வேலை கொடுத்தார்கள். மலையில் இருந்த சனம் டவுனுக்கு இறங்கி, பூட்டிய கடைகளின் வாசலில் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த ஊரைத்தான் இப்றாஹீம் முதலாளி பெண்சாதிக்குச் சுற்றிக் காட்டுவார்.

கார் பஜாரைச் சுற்றும். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு வட்டம் அடிக்கும். மார்க்கெட்டைத் தாண்டும்போது, கழித்துக் கொட்டிய முட்டைக்கோவா இலைகளை ஒரு கிழவர் மழைத் தண்ணீரில் அலசி வாயில் போட்டுக்கொண்டிருப்பது தெரியும். கார் நிற்காது. ஸ்டேஷனுக்கு முன்னால்தான் நிற்கும். கொழும்பு ரயில் வந்து சேர்வதைப் பார்ப்பது அவருக்கு ஒரு ஆசை. பதுளையோடு தண்டவாளம் முடிகிறது. இதற்கப்பால் போக இடமில்லாத ரயிலைப் பார்ப்பதில் என்ன சந்தோசமோ, ஜெனீராவுக்கு அது விளங்கியதே இல்லை.

அன்றைக்கும் வறுத்த கச்சான் கடலைச் சுருள் இரண்டு வாங்கினார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, மற்றதை உடைத்து உடைத்துத் தின்று கோதைக் கண்ணாடி வழியாக வெளியே எறிந்தார். மூன்று நாலு வயதுப் பிள்ளை ஒன்று வந்து அந்தக் கோதுகளைப் பொறுக்கியது. ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே பருப்பு இருக்கிறதா என்று பார்த்தது. ஒன்றில் இருந்தது. அதைத் தின்னாமல் ஓடிப்போய், சுவரில் சாய்ந்து கிடந்த தாயின் வாயில் வைத்தது.

"கண்ணாடிய ஏத்து புள்ள," என்றார் இப்றாஹீம் முதலாளி. "இதுகளுக்கு முகம் குடுத்தா கார்ல ஏறிக் குந்திக்கும்."

"பசியில ஈக்குதுகள்."

"யாருக்குப் பசியில்ல? எனக்குந்தான் பசிக்கிது. நான் என்ன, கோது பொறுக்கிறேனா?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஜெனீராவுக்கு வாயிலிருந்த கச்சான் கசந்தது. முக்காட்டை இழுத்து மறைத்துக்கொண்டு கைலேஞ்சிக்குள் துப்பிவிட்டு, கண்ணாடியை ஏற்றினாள். இந்த மனிதருடைய சிரிப்பைக் கேட்டால் அண்மைக் காலமாக அவளுக்கு இப்படித்தான் வருகிறது.

திரும்பி வரும் வழியில் தெரிந்தவர் யாரைக் கண்டாலும் காரை நிறுத்துவார். "எங்கட மாடித் தோட்டத்தப் பார்க்க வரலயே? எல்லாம் இவட கைதான். மிளகா, தக்காளி, கீரை, பூசணி, எல்லாம் ஈக்கி. கவர்மெண்டு செல்ற உற்பத்திய நாங்க மாடியிலயே செஞ்சிட்டோம்" என்பார். ஜெனீரா குனிந்துகொள்வாள்.

தோட்டம் இருந்தது உண்மைதான். அது வந்த கதை இது. அந்த வருசத் தொடக்கத்தில் தங்கச்சியின் பிரசவத்துக்காக அவள் மூன்று கிழமை பண்டாரவளையில் இருந்தாள். திரும்பி வந்தபோது புருசன் கையைப் பிடித்து மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே எட்டுத் தார்ப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. இடுப்பளவு உயரம், மேலெல்லாம் பச்சைப் பெயின்ட், வாய் நிறைய மண். "ஒனக்குத்தான். தனியா ஈக்கிறியே, செடி வளத்துக்க" என்றார். கலியாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் அவளுக்கென்று அவர் தானாக நினைத்துச் செய்த காரியம் அதுதான். அன்றைக்கு அவள் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அதை நினைத்தால் அந்தக் கண்ணைத்தான் குத்த வேண்டும் போல இருக்கிறது.

ஜெனீராவுக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. கற்றுக்கொடுத்தவள் நேசராணி. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். வேதக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை தொங்கும். பெயர் போடாத வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, ஜெனீரா வீட்டில் உடுப்புக் கழுவி, மாடிச் செடிகளைப் பார்த்துவிட்டு, சோறோ ரொட்டியோ கட்டிக்கொண்டு போவாள். தோட்டத்து லயத்து வீட்டில் மூன்று பிள்ளைகள், மாமியார். புருசன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுக் காலில் காயம், ஆறாமல் கிடக்கிறான்.

முதல் நாளே நேசராணி பீப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னங்க மொதலாளியம்மா, ஒரு சாண் தோண்டுனா தகரம் இடிக்குது? இம்மாம் பெரிய பீப்பாயில இவ்வளவுதானா மண்ணு?"

"மிச்சம் மண் போட்டா மாடி பாரம் தாங்காதாம். கீழ சிரட்டை போட்டு, தகரம் வெச்சி மூடீக்கிறாராம்."

"வேரு எறங்க வேணாமுங்களா? சரி விடுங்க. அடுத்த வாரம் நல்ல மண்ணு கொண்டாறேன். மானாப்புல்லு மக்கிக் கெடக்குற எடம் ஒண்ணு தெரியும். அதப் போட்டா ஒரு சாண் மண்ணுலயும் காய்க்கும்."

சொன்னபடி கொண்டுவந்தாள். மண்ணும், காய்ந்த சாணமும், ஈரச் சாக்கில் சுற்றிய மிளகாய்க் கன்றுகளும் தலையில் சுமந்து வந்தாள். ஐந்து பீப்பாயில் மிளகாயும் தக்காளியும் நட்டாள். மற்ற மூன்றில் கீரையும் பூசணியும் போட்டாள். "மொளகாய்க்குத் தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க, பூ கொட்டிரும். கீரையும் பூசணியும் புள்ளத்தாச்சி மாதிரி, கேக்க கேக்கக் குடுக்கணும்" என்றாள்.

ஆனால் முதலாளியின் கட்டளை வேறாக இருந்தது. "எந்தச் செடிக்கும் ஒரு கோப்பைக்கு மேல தண்ணி ஊத்த வாணாம். மாடி ஒழுகும்" என்று பத்துத் தரம் சொன்னார். சித்திரை வெயிலில் பூசணிக் கொடி துவண்டு கிடக்கும். பார்த்துக்கொண்டிருக்க ஜெனீராவுக்கு மனசு வராது. அவர் கடைக்கு இறங்கியதும் வாளி வாளியாக அள்ளிக் கொண்டுபோய் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு மாடி ஒழுகுகிறதா என்று கீழே வந்து அண்ணாந்து பார்ப்பாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இந்த மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒரு பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசியில் விவசாயக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்துப் பாராட்டினார். முதலாளி ஸ்டூடியோக்காரரை அழைத்து, பூவாளியோடு ஜெனீராவைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பித்தார். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம் தன்னை அண்ணாந்து பார்க்கிறானே என்று அவளுக்கு உடம்பு கூசியது. கழற்றச் சொல்லிக் கேட்டாள். "நல்ல காரியத்துக்கு என்ன வெக்கம்?" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நாற்றம் வந்தது.

முதலில் லேசான புளித்த வாடை. மாடிக் கதவைத் திறந்தால் மட்டும் அடித்தது. பிறகு படிக்கட்டு வழியாக இறங்கிக் குசினிக்கும் வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று ஜெனீரா மூலை மூலையாகத் தேடினாள். சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி வாடையும் அதுவும் கலந்து குமட்டலைத்தான் கூட்டியது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

"எல்லாம் அந்தத் தோட்டத்துப் பொம்பள கொண்டாற எரு," என்றார் புருசன். "எந்தக் கழிவ அள்ளிட்டு வாறாளோ. இனி அவ மேல வர வாணாம்."

"சாணம் இப்பிடி நாறாதே. அது காஞ்ச சாணம்."

"ஒனக்கு என்ன தெரியும்? நான் செல்றதக் கேளு."

அடுத்த வெள்ளிக்கிழமை நேசராணி வந்தபோது கடை வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஜெனீரா மேலே ஜன்னல் மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஊத்த மனுசர் ஊத்தயத்தான் கொண்டு வருவீங்க. போ, போ" என்ற சத்தம் கேட்டது. நேசராணி தலையிலிருந்த மண் சாக்கை இறக்கவில்லை. ஒரு தரம் மேலே பார்த்துவிட்டு, அதே பாரத்தோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி நடந்தாள். ஜெனீரா கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அன்றிரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறு கிழமை புதன்கிழமை காலையில் பூசணிப் பீப்பாயின் பொருத்து வழியாக ஏதோ கசிந்து தரையில் பரவியிருந்தது. பால் மாதிரி வெள்ளை, ஆனால் நூல் விட்டது. அதில் புழு நெளிந்தது. ஜெனீரா மூக்கில் சேலையைக் கட்டிக்கொண்டாள். பூசணியை மண்ணோடு அள்ளி ஒரு பக்கம் போட்டாள். அடியில் தகரம் இருந்தது. அதை நெம்பித் தூக்கி, சிரட்டையை வெளியே எடுப்போம் என்று கையை விட்டாள்.

சிரட்டை இல்லை. கை முழங்கை வரை எதிலோ புதைந்தது. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, பிடித்து இழுத்தது. உள்ளே அசைந்தது. கத்திக்கொண்டு கையை இழுத்தாள். கையோடு வந்தது கிழிந்த பொலித்தீனும், சாக்குத் துண்டும், புளித்து அழுகிய கோதுமை மாவும். விரல் இடுக்கெல்லாம் புழு. அவள் மழைத் தண்ணீர் ஓடும் மாடிப் பீலிக்கு ஓடி, குடலே வெளியே வரும்வரை வாந்தி எடுத்தாள்.

பிறகு கீரைப் பீப்பாய்கள் இரண்டையும் திறந்தாள். அவற்றிலும் அதே மா, அதே புழு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தது அவள்தான். ஆனால் மாவை அங்கே வைத்தவர் யார் என்று யோசிக்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. ஊரெல்லாம் ஒரு றாத்தல் மாவுக்கு அலைகிறது. இவருடைய கடை வாசலில் வந்து கேட்கிறவர்களுக்கு "மா இல்ல, போங்க" என்று அவர் கையை விரித்தது அவள் நினைவில் வந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று இங்கே புதைத்து வைத்து, அதன் மேலே மண்ணைப் போட்டு, "ஒனக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பியிருக்கிறாள். புழுவைத் தொட்டதைவிட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு அவர் மேலே வந்தார். ஜெனீரா கழுவாத கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு, "எத்தன பீப்பாய்?" என்றார்.

இது என்ன என்று கேட்கவில்லை. உனக்கு என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

"மூணு."

"தண்ணி ஊத்த வாணாமுண்டு எத்தன தரம் சென்னேன்? கேட்டியா? மூணு பீப்பாய் மாவயும் நாசமாக்கிட்டியே! மத்த அஞ்சயும் தொறந்தியா?"

"இல்ல."

"அத மட்டும் தொட்டுராத. அல்லாஹ்ட காவல், அதுல தண்ணி எறங்கீக்காது. மிளகாய்க்கு நீ கொஞ்சந்தானே ஊத்தின?"

"மனுசர் கோது பொறுக்கித் திங்கிறாங்க. நீங்க மாவ மண்ணுக்குள்ள பொதச்சு வெச்சீக்கிறீங்க. ஒங்களுக்கு அல்லாஹ்ட பேரச் செல்ல வாய் வருதா?"

"வியாவாரம் ஒனக்கு வெளங்காது. நான் ஒருத்தன் மட்டுமா செய்றேன்? கைய நல்லாக் கழுவிட்டுச் சோத்தப் போடு."

அவர் சாப்பிட்டார். அந்த நாற்றத்துக்கு நடுவில் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜெனீரா கதவோரம் நின்று அவருடைய தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகியதைக் கொட்டித் தொலைப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். பெண்சாதியாகி இத்தனை வருசமாகியும் அந்த மனிதரை அவள் சரியாக அளக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே இருந்ததை வழித்துப் பீலியில் விட்டார். நடுவில் கட்டியாகிப் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் பிடித்ததைப் பழைய சேலையில் பரப்பி வெயிலில் காய வைத்தார். வியாழக்கிழமை பின்னேரம் கட்டிகளை உடைத்து, அரிதட்டில் அரித்தார். புழுவும் வண்டும் மேலே தங்கின. கீழே விழுந்த சாம்பல் நிறத் தூளைக் கடதாசிப் பைகளில் போட்டுக் கட்டினார். முப்பது பை தேறியது.

"இது என்னத்துக்கு?" என்றாள் ஜெனீரா.

"நாளைக்கி ஜும்ஆத் தொழுக முடிஞ்சி ஏழைகளுக்கு ஸதகா குடுக்கப் போறேன். பள்ளியில சென்னேன். பள்ளிப் பெரியவர் மொஹிதீன் ஹாஜியாரும் வந்து நிக்கிறேன்டாரு."

"இதயா? இதத் திண்டா மனுசர் செத்துப் போவாங்க!"

"தோட்டத்துச் சனத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதுகள் எதத் திண்டும் செமிக்கும். கொட்டுறத விட ஒரு வயித்துக்குப் போனா நன்மதானே?"

ஜெனீரா கையைச் சவர்க்காரம் போட்டு ஏழாம் தரமாகக் கழுவினாள். நகக்கண்ணில் அந்தப் புளித்த வாடை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை செய்தி பரவிவிட்டது. பதினொரு மணிக்கே கடை வாசலில் ஆட்கள் வந்து குந்திவிட்டார்கள். இப்றாஹீம் முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பைகளைப் படிக்கட்டு அடியில் அடுக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். அவர் போன கையோடு பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. கையில் வெறும் சாக்கோடு நேசராணி நின்றாள். ஒரு கிழமைக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"மேல வரலீங்க. மொதலாளி வையும். மா குடுக்குறதா சொன்னாங்க. வரிசையில கடைசியில நின்னா கெடைக்காதுன்னு இப்பிடி வந்தேன். ஒரு பை குடுத்தீங்கன்னா போயிருவேன்."

சொல்லும்போதே அடுக்கியிருந்த பைகள் அவள் கண்ணில் பட்டுவிட்டன. ஜெனீரா தடுப்பதற்குள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத வெச்சிடு நேசராணி. அது அழுகின மா. பொழு வெச்சது."

நேசராணி பையைப் பிரித்து முகர்ந்தாள். முகம் ஒரு கணம் சுளித்தது. பிறகு பழையபடி மடித்துக்கொண்டாள்.

"வீச்சம் இருக்குதுதாங்க. நாலு தண்ணியில அலசி, ரொட்டி தட்டி நல்லா சுட்டுட்டா தெரியாது."

"புள்ளைகளுக்கா குடுக்கப் போற?"

"போன வாரம் மாட்டுத் தவிட்டுல ரொட்டி தட்டுனோம். சின்னவனுக்கு நாலு நாளா கழியுது. வெறும் தேத்தண்ணிதான் குடுக்குறேன். இது மா தானுங்களே. தவிட்ட விட நல்லதுதானே?"

அவள் கெஞ்சவில்லை. கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். ஜெனீராவுக்கு அதுதான் தாங்கவில்லை. காருக்குள் இருந்துகொண்டு கண்ணாடியை ஏற்றிய கையும், ஜன்னல் மறைப்புக்குப் பின்னால் நின்று இவளைக் கூப்பிடாத வாயும் தன்னுடையவைதான் என்று பட்டது. புருசனைப் பார்த்து வந்த அருவருப்பு அப்படியே தன் மேல் திரும்பியது.

பினைல் போத்தல் கழிவறை வாசலில் இருந்தது. எடுத்து வந்து, அடுக்கியிருந்த பைகள் முழுவதிலும் கவிழ்த்தாள். நேசராணியின் மடியிலிருந்ததைப் பிடுங்கி அதன் மேலே எறிந்தாள்.

"ஐயோ, என்னங்க செய்றீங்க!" நேசராணிக்குக் குரல் உடைந்தது. "குடுக்காட்டிப் பரவாயில்ல, இப்பிடிச் செய்யலாமுங்களா?"

"மேல வா," என்றாள் ஜெனீரா. "சாக்கையும் எடுத்துட்டு வா."

மொட்டைமாடியில் வெயில் எரித்தது. ஐந்து பீப்பாய்களிலும் மிளகாயும் தக்காளியும் தழைத்து நின்றன. மிளகாயில் வெள்ளைப் பூவும் பிஞ்சும் நெருக்கமாக இருந்தன. தக்காளியில் இரண்டு பழுக்கத் தொடங்கியிருந்தன. ஜெனீரா விடியவிடிய எழும்பிவந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்து வளர்த்தவை. முதல் மிளகாய்ச் செடியின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள்.

"பூத்த செடிங்க! எதுக்குங்க புடுங்குறீங்க?"

ஜெனீரா மண்ணைக் கையால் வாரிப் போட்டாள். தகரத்தைத் தூக்கினாள். பொலித்தீன் காய்ந்திருந்தது. சாக்கைக் கிழித்தாள். உள்ளே பாலாக வெள்ளை மா இருந்தது. ஒரு பிடி அள்ளி நேசராணியின் கையில் வைத்தாள். நேசராணி முகர்ந்தாள், நாக்கில் தொட்டுப் பார்த்தாள், பிறகு பீப்பாயையும் ஜெனீராவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு மேலதானுங்களா நான் மண்ணு சொமந்து கொட்டுனேன்?"

"ஓம்."

"கர்த்தரே," என்றாள் நேசராணி. பிறகு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

ஜெனீரா அள்ளி அள்ளிப் போட்டாள். அரைச் சாக்கு ஆனதும் நேசராணியே தடுத்தாள்.

"போதுங்க. இதுக்கு மேல சொமக்க ஏலாது. ஆனா இத எப்பிடிங்க கொண்டு போறது? பஸ்ஸ நிப்பாட்டிச் சாக்கெல்லாம் பாக்குறாங்க. கூப்பனுக்கு மேல மா இருந்தா புடுங்கிருவாங்க."

பிறகு நேசராணி குனிந்து, பிடுங்கிப் போட்ட மிளகாய்ச் செடிகளை வேரோடும் மண்ணோடும் பொறுக்கினாள். மாவின் மேல் பொலித்தீனை விரித்து, அதற்கு மேல் செடிகளை நெருக்கமாக நிறுத்திவைத்துச் சாக்கின் வாயைத் தளரக் கட்டினாள். பச்சைத் தலைகள் வெளியே ஆடின.

"மத்ததப் புடுங்குறப்ப ஒடைச்சிராதீங்க மொதலாளியம்மா," என்றாள். "வேரோட எடுங்க. லயத்து வாசல்ல வெச்சா பொழச்சிக்கும்."

கீழே கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜும்ஆ முடிந்துவிட்டது. பின்பக்கக் கதவைத் தாண்டிய ஒழுங்கையிலும் இப்போது ஆட்கள் நின்றார்கள். நேசராணி தயங்கினாள். ஜெனீரா சாக்கைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, "முன்வாசலாலயே போ. நான் வாறேன்" என்றாள்.

கடைக்குள் இப்றாஹீம் முதலாளியும் மொஹிதீன் ஹாஜியாரும் பள்ளியிலிருந்து வந்த நாலு பேரும் நின்றார்கள். கல்லாவுக்கு மேலே பூவாளியோடு ஜெனீராவின் படம் தொங்கியது. "என்ன முதலாளி, பினைல் மணக்குது?" என்று ஹாஜியார் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். முதலாளி அதற்கு வாய் திறப்பதற்குள் படிக்கட்டில் பச்சைச் செடிகள் இறங்கி வந்தன. செடிகளுக்குக் கீழே நேசராணியின் கழுத்து பாரத்தில் விறைத்திருந்தது.

முதலாளி செடிகளைப் பார்த்தார். மண்ணும் செடியும் மட்டும் இவ்வளவு பாரமாக இருக்காது என்பது அந்தக் கடையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னத்தக் கொண்டு போற நீ?"

"செடிங்க மொதலாளி," என்றாள் நேசராணி. "அம்மா குடுத்தாங்க."

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார். "மாவு குடுக்கிறதென்டுதானே சென்னீங்க? செடியுமா? நல்ல யோசன. இண்டைக்கித் திண்டு முடியிற ஸதகா இல்ல இது. வழி விடுங்க, வழி விடுங்க, அவட தலையில பாரம்."

நாலு பேரும் விலகினார்கள். முதலாளியும் விலகினார். நேசராணி அவரைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கிப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

ஜெனீரா படிக்கட்டின் மேல்படியில் வந்து நின்றாள். கையெல்லாம் மண்ணும் மாவுமாக இருந்தது. முக்காடு விலகியிருந்ததைச் சரிசெய்துகொண்டு, புருசனைப் பார்க்காமல் ஹாஜியாரைப் பார்த்துப் பேசினாள்.

"ஹாஜியார், மாப் பையெல்லாம் பினைல் பட்டு வீணாகிட்டு. வாசல்ல ஈக்கிறவங்கள சாக்கோட ஒவ்வொருத்தரா மேல அனுப்பச் செல்லுங்க. எல்லாருக்கும் செடி ஈக்கி. இன்னும் நாலு பீப்பாய்."

"புள்ள..." என்றார் இப்றாஹீம் முதலாளி. மாவைப் பற்றிச் சொன்னால் அகப்படுவது அவர்தான்.

"அனுப்புங்க முதலாளி, ஏன் நிக்கிறீங்க?" என்றார் ஹாஜியார்.

முதலாளி வாசலுக்குப் போனார். வெளியே முப்பது பேருக்கு மேல் எழும்பி நின்று அவருடைய வாயையே பார்த்தார்கள். அவர்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"முதல் ஆள், வாங்க," என்றார்.

ஜெனீரா மாடிக்குத் திரும்பி, அடுத்த பீப்பாயில் பழுக்கத் தொடங்கியிருந்த தக்காளிச் செடியை அடியில் பிடித்து, ஒடியாமல் வேரோடு இழுத்தாள்.